மேலே நிற்பவரும் கீழே கிடப்போரும்

(நமது கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவையொட்டிக் கீழப்பாவூரில் நடைபெற்ற கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

வெள்ளி விழாக் கூட்டத்தில் கல்வியின் சிறப்பைப் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்தார்கள். கல்வியின் சிறப்பை எனக்கு முன் பேசிய மூவரும் நன்றாகவே எடுத்துரைத்துவிட்டார்கள். நான்காவது முறையும் அதைக் கேட்குமாறு உங்களை வருத்துவது முறையன்று. ஆகவே தலைவர் அவர்களின் இசைவுடன், இதோ இந்தச் சுவரில் தொங்கவிடப்பட்டிருக்கும் படத்தைப் பற்றிச் சில சொற்கள் சொல்ல விழைகின்றேன். எழுத்தைப் படிக்கக் கற்றுக்கொடுப்பதற்கு நம் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகள் உழைத்திருக்கிறது. படத்தைப் படிப்பதும் ஒரு படிப்புத்தான் என்பது என் எண்ணம்.

முதலில் இது என்ன படம் என்று கூறிவிடுகின்றேன். இது ஏறத்தாழ 390 ஆண்டுகளுக்கு முன், 1630களில், இன்றைய பெல்ஜியம் நாட்டிலுள்ள ஆண்ட்வெர்ப் நகரில் உருவான செப்புத்தகட்டுச் செதுக்கோவியத்தின் நகல். செதுக்கியவர் மாரினஸ் ரோபின் வான் டெர் கூஸ் என்பவர். அவர் தாமாகக் கற்பனை செய்து செதுக்கியதன்று. அந்நகரின் பெரும் ஓவியரான பீட்டர் பால் ரூபன்ஸ் 1617, 1618ஆம் ஆண்டுகளில் வண்ணத்தில் தீட்டிய மாபெரும் ஓவியத்தைப் பார்த்துச் செதுக்கியது. படத்தின் பொருள், புனித பிரான்சிஸ் சவேரியார் செய்ததாகச் சொல்லப்படும் அற்புதங்கள். சவேரியார் என்றவுடன் நம் பகுதி மக்களுக்கு மணப்பாடு நினைவுக்கு வரும். மணப்பாடு நம்மூரிலிருந்து ஒரு பகலில் போய்த் திரும்பக்கூடிய தூரம். 1542ஆம் ஆண்டு மே மாதம் கோவாவில் வந்திறங்கிய அவர், அவ்வாண்டின் இறுதியில் முத்துக்குளித்துறைக்கு வந்து, தூத்துக்குடி முதல் கன்னியாகுமரி வரையுள்ள பரதவர் ஊர்களில் நடந்து திரிந்தவர். ஆகவே உலகின் மறுகோடியில் செதுக்கப்பட்ட இப்படத்தில் தரையில் கிடக்கும் மக்களுள் சிலரேனும் நம் கடற்கரையைச் சேர்ந்தவர்கள் என்று கொள்ள இடமுண்டு.

செதுக்கோவியம் என்றால் என்னவென்று மாணவர்கள் கேட்கலாம். நம் வீடுகளில் சில்வர் பாத்திரம் வாங்கினால் கடைக்காரர் சிறு கருவியால் அதில் பெயர் வெட்டித் தருவார் அல்லவா? அதுபோலவே பளபளப்பான செப்புத் தகட்டில், கூரிய எஃகு உளியால் கோடு கோடாக வெட்டுவார்கள். பிறகு தகடு முழுவதும் மை பூசித் துடைப்பார்கள். மேற்பரப்பிலுள்ள மை போய்விடும். வெட்டிய பள்ளத்தில் உள்ள மை நிற்கும். ஈரத்தாளை அதன்மேல் வைத்து உருளைகளுக்கிடையே அழுத்தினால் பள்ளத்து மை தாளில் ஏறிவிடும். அச்சில் இடம் வலமாகவும் வலம் இடமாகவும் விழும் என்பதையும் செதுக்குபவர் முன்கூட்டியே கருத்தில் கொள்ளவேண்டும். ஓர் ஓவியம் ஒரு கோயிலில்தான் இருக்கும். செதுக்கிய தகட்டிலிருந்தோ நூற்றுக்கணக்கான படிகள் எடுத்து நாடு நாடாக அனுப்பலாம். புகைப்படக் கருவி இல்லாத காலத்தில் உலகம் தூர தேசங்களைப் பார்த்தது இத்தகைய தாள்களின் வழியேதான். ஐரோப்பாவில் எத்தனையோ பேர் நம் நாட்டு மக்களை முதன்முதலாகக் கண்டதும் இவற்றில்தான். அதனால்தான் இதைப் பொருட்படுத்திப் பேசுகின்றேன்.

செதுக்கோவியத்தில் வண்ணம் கிடையாது. ரூபன்ஸின் சிவப்பும் பொன்னிறமும் இங்கே இல்லை. வெறுங்கோடுகள் மட்டுமே. கோடுகள் நெருங்கினால் இருள், விலகினால் ஒளி. ஆகவே யார் பெரியவர், யார் சிறியவர், யாரை முதலில் பார்க்கவேண்டும் என்பதையெல்லாம் ஆட்களை எங்கே நிறுத்துகிறோம் என்பதைக் கொண்டே சொல்லியாக வேண்டும். நம்மவர்களுக்கும் இக்கலை தெரியாததன்று. குற்றாலத்துச் சித்திர சபையின் சுவர்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தெய்வத்தைப் பெரிதாகவும் தொழுவாரைச் சிறிதாகவும் எழுதுவது நம் மரபு. சுவரொட்டியில் கதாநாயகன் முகம் பனம்பழம் போலவும் மற்றவர்கள் முகம் புளியங்கொட்டை போலவும் இருப்பது அம்மரபின் இன்றைய வடிவம். ரூபன்ஸ் அப்படிச் செய்யவில்லை. அவர் படத்தில் எல்லாரும் ஏறக்குறைய ஒரே அளவு உடலுடையவர்கள்தாம். அளவை மாற்றாமல் உயரத்தை மாற்றினார்.

படத்தைப் பாருங்கள். கருப்பு அங்கி அணிந்து ஓர் உயரமான கல்மேடையின்மீது நிற்கிறாரே, அவர்தாம் சவேரியார். கையை உயர்த்தியிருக்கிறார். அருகில் அவருடைய துணைவர் ஒருவர் புத்தகத்துடன் இருக்கிறார். மேடைக்குக் கீழே பெருங்கூட்டம். சவச்சீலை விலக உயிர்பெற்று எழும் ஒரு மனிதர், அவரைத் தாங்குவோர்; கைகளை முன்னே நீட்டிக் காற்றைத் தடவி வரும் பார்வையற்ற ஒருவர்; கால் முடங்கியவர்; கவசம் அணிந்த போர்வீரர்; கீழ்த்திசை நாட்டு உடையும் உயர்ந்த தொப்பியும் அணிந்த ஒருவர். பின்னணியில் ரோமானியப் பாங்கிலமைந்த ஒரு கோயில். வானத்தில் தேவதூதர்களும், விசுவாசம் என்னும் பண்பைப் பெண்ணாக உருவகித்த வடிவமும். அங்கிருந்து புறப்படும் ஒளிக்கதிர் கோயிலுக்குள் பாய்ந்து, அங்குள்ள சிலையைத் தலைகீழாகச் சரிக்கிறது.

சென்ற ஆண்டு எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இப்படத்தைக் காட்டினேன். யார், எவர், எந்த நாடு என்று ஒன்றும் சொல்லவில்லை. முதலில் கண் எங்கே போனது என்று மட்டும் கேட்டேன். முப்பத்தொரு பிள்ளைகளில் பெரும்பாலோர் மேடைமேல் நிற்பவரைச் சொன்னார்கள். ஏன் என்றேன். "அவருதான் சார் கருப்பா இருக்காரு, மத்தவங்க எல்லாம் வெள்ளையா இருக்காங்க" என்றான் ஒருவன். வகுப்பே சிரித்தது. ஆனால் அவன் சொன்னது சரியான விடை. சட்டையற்ற உடல்களும் சுருண்ட துணிகளுமாகக் கீழே ஆயிரம் கோடுகள் குழம்பிக்கிடக்க, மேலே ஒரே இருண்ட வடிவம் அசையாமல் நிற்கிறது. குழப்பத்தின் நடுவே கண் தங்குவதற்கு அஃது ஒன்றுதான் இடம். அடுத்து, கடைசி வரிசையில் எப்போதும் வாய் திறவாத ஒரு பெண் எழுந்து, "அவரு மட்டும் ஏன் சார் மேல நிக்காரு? மத்தவங்க எல்லாம் ஏன் கீழயே கிடக்காங்க?" என்று கேட்டாள். நான் அன்று அவளுக்குக் கூறிய விடை எனக்கே மனநிறைவு அளிக்கவில்லை. இன்று சற்று விரிவாகச் சொல்ல முயல்கின்றேன்.

இவ்வோவியம் தீட்டப்பட்டபோது சவேரியார் இன்னும் புனிதராக அறிவிக்கப்படவில்லை. 1619இல் அருளாளர் பட்டம். 1622ஆம் ஆண்டு மார்ச்சு 12ஆம் நாள் புனிதர் பட்டம். அவர் சார்ந்திருந்த இயேசு சபையார் ஆண்ட்வெர்ப்பில் கட்டிவந்த புதுக்கோயிலின் தலைமைப் பீடத்துக்காகவே ரூபன்ஸ் இதைத் தீட்டினார். ஓவியத்தின் உயரம் ஐந்து மீட்டருக்கும் அதிகம். கோயிலின் கடைசியில் நிற்பவருக்கும் ஒரே பார்வையில் விளங்கவேண்டும். இவர் புனிதர், இவர் கையில் இறைவனின் வல்லமை இருந்தது என்பதே விளங்கவேண்டிய செய்தி. வழக்கு மன்றத்தில் வழக்குரைஞர் வாதிடுவதுபோல் ஓவியம் வாதிடுகிறது. வழக்குக்கு வேண்டியதைத்தானே வழக்குரைஞர் எடுத்து வைப்பார்? பத்தாண்டுகளில், பற்பல நாடுகளில், வெவ்வேறு நாட்களில் நடந்ததாகச் சொல்லப்பட்டவை எல்லாம் ஒரே இடத்தில், ஒரே நொடியில், ஒரே மனிதரின் உயர்த்திய கையின்கீழ் நிகழ்வதாகக் கோக்கப்பட்டன. வான் ஒளி, சிலையின் வீழ்ச்சி, சவேரியாரின் கை, செத்தவர் எழுதல் ஆகிய எல்லாவற்றையும் கண் தொடர்ச்சியாகப் பார்க்கிறது. மேலிருந்து கீழே ஒன்று இறங்கி வருகிறது. இறங்கும் வழியில் நிற்பவர் அவர் ஒருவரே. படத்தின் இலக்கணம் இதுதான். கொடுப்பது மேலே, பெறுவது கீழே.

ரூபன்ஸ் இந்தியாவைப் பார்த்ததே இல்லை. பரதவரையும் பார்த்ததில்லை. ஆகவே கீழே கிடப்போர் இத்தாலியச் சிற்பங்களின் தசைநார்களோடு கிடக்கிறார்கள். மணப்பாட்டுக் கடற்காற்றோ பனையோலைக் குடிசையோ எங்குமில்லை. இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. பார்க்காததை எப்படி வரைவது?

ஆனால் படத்தில் இல்லாத வேறொன்று உண்டு. அதைச் சவேரியாரே எழுதி வைத்திருக்கிறார். 1544ஆம் ஆண்டு சனவரி 15ஆம் நாளிட்டு ரோமில் உள்ள தம் சபையாருக்கு அவர் எழுதிய நெடுங்கடிதம் இன்றும் கிடைக்கிறது. அதிலிருந்து சில செய்திகளை என் சொற்களில் கூறுகின்றேன். இக்கரைக்கு வந்தபோது அவருக்குத் தமிழ் தெரியாது. மக்களுக்குப் போர்த்துகீசியம் தெரியாது. இரண்டும் ஓரளவு தெரிந்த உள்ளூரார் சிலரைக் கூட்டிவைத்து, பல நாள் பாடுபட்டுச் செபங்களைத் தமிழில் ஆக்கினார். அவற்றை மனப்பாடம் செய்துகொண்டார். கையில் ஒரு மணியை எடுத்து ஆட்டிக்கொண்டே தெருத்தெருவாக நடந்து சிறுவர்களையும் பெரியவர்களையும் கூட்டினார். கற்றுக்கொண்டதை வீட்டிலும் அண்டையிலும் சொல்லிக்கொடுக்கும்படி சிறுவர்களிடம் கூறினார். நோயாளி வீடுகளிலிருந்து அழைப்பு ஓயாமல் வந்தது. எல்லா இடத்துக்கும் அவரால் போக இயலவில்லை. செபம் தெரிந்த சிறுவர்களை அனுப்பினார். அச்சிறுவர்கள் வீட்டாரையும் அண்டை அயலாரையும் கூட்டி, நோயாளியின் அருகிருந்து செபம் சொல்லிவிட்டு வந்தார்கள். நோயாளிகள் நலமடைந்தார்கள் என்றும் அவர் எழுதுகிறார். நலமடைந்தது எதனால் என்ற ஆராய்ச்சிக்குள் நான் புகவில்லை. அவரவர் நம்பிக்கை அவரவர்க்கு. நான் கேட்பது ஒன்றே. நோயாளியின் குடிசைக்குள் குனிந்து நுழைந்த கால் யாருடையது? பரதவச் சிறுவனுடையது. அதைச் சொன்னவர் வேறு யாருமல்லர், படத்தில் மேடைமேல் நிற்பவரே.

அந்தச் சிறுவன் மேடையில் இல்லை. மேடையில் துணைவருக்கு இடமிருக்கிறது, புத்தகத்துக்கு இடமிருக்கிறது. தமிழில் செபம் ஆக்கித் தந்த இருமொழியாளருக்கு இடமில்லை. இருமொழியாளர் இல்லையேல் அப்புத்தகத்தை இக்கரையில் யார் விளங்கிக்கொண்டிருக்க முடியும்?

சிலை வீழ்வதையும் இவ்வாறே நோக்கவேண்டும். படத்தில் அதை வீழ்த்துவது வானத்து ஒளி. கடிதத்தில் அதைச் செய்பவர்கள் மனிதர்கள். வீடுகளில் வைத்திருந்த சிறு உருவங்களைச் சிறுவர்கள் எடுத்து நொறுக்கியதைச் சவேரியார் மகிழ்ச்சியோடு எழுதுகிறார். பெற்றோர் வணங்கியதைப் பிள்ளை உடைப்பதை நான் பாராட்டவில்லை. ஆசிரியன் என்ற முறையில் என்னால் பாராட்டவும் இயலாது. ஆயினும் அஃது ஒரு மனிதச் செயல். செய்தவருக்குப் பெயர் உண்டு, வயது உண்டு, காரணம் உண்டு, மறுநாள் காலையில் தாயின் முகத்தைப் பார்க்கவேண்டிய சங்கடமும் உண்டு. அதை ஒளிக்கதிராக மாற்றியவுடன் காரணமும் மறைகிறது, பொறுப்பும் மறைகிறது. நன்மையாயினும் தீமையாயினும் கீழே இருப்போர் எதையும் செய்வதில்லை. அவர்களுக்கு எல்லாம் நேர்கிறது.

இன்னொரு நிகழ்ச்சியும் சொல்லவேண்டும். 1544ஆம் ஆண்டு சூன் மாதம் வடுகர் படை இக்கரையில் புகுந்து சூறையாடியது. கன்னியாகுமரிப் பக்கத்து மக்கள் உயிருக்கு அஞ்சிக் கடலிலுள்ள பாறைகளில் ஏறித் தஞ்சம் புகுந்தார்கள். உணவில்லை, குடிநீரில்லை. சவேரியார் மணப்பாட்டிலிருந்து இருபது தோணிகளில் உணவேற்றிக்கொண்டு புறப்பட்டார். தம் கடிதத்தில் தோணி என்ற நம் சொல்லையே போர்த்துகீசிய ஒலியில் எழுதுகிறார் என்பதைத் தமிழாசிரியர்கள் கருதவேண்டும். எதிர்க்காற்று பலமாக இருந்தது. பல நாள் முயன்றும் முனையை அடைய முடியவில்லை. மணப்பாட்டுக்கே திரும்பவேண்டியதாயிற்று. பின்னர்த் தரை வழியே நடந்தார். எனக்கு அவர்மீது மதிப்பு ஏற்பட்டது இந்தக் கடிதங்களைப் படித்தபோதுதான். காற்றிடம் தோற்றுத் திரும்பி, களைத்து, மறுபடியும் நடக்கும் மனிதர் அவர். ஆனால் இந்த மனிதரை இப்படத்துக்குள் எங்கே வைப்பது? படகோட்டிகளோடு சமதரையில் அல்லவா நிறுத்தவேண்டும்? துடுப்புப் போட்ட இருபது தோணிக்காரர்களையும் வரையவேண்டும். காற்றுக்குப் பயந்த முகங்களை வரையவேண்டும். தலைமைப் பீடத்துக்கு அது பயன்படாது.

ரூபன்ஸுக்கு நான் வழக்கெழுதுகிறேன் என்று எவரும் கருதவேண்டாம். நீண்ட நேரம் இப்படத்தின்முன் நின்றால் வேறொன்றும் தெரியும். நமக்கு மிக அருகில், தாளின் அடிப்பகுதியில் இருப்பவர்கள் யார்? நோயாளிகளும் இறந்து எழுபவரும். மேடைமேல் நிற்பவரின் முகத்தைவிட, பார்வையற்றவரின் நீட்டிய விரல்கள் என் மனத்தில் ஆழப் பதிந்தன. அவருக்குத் தம் முன்னே யார் நிற்கிறார் என்று தெரியாது. ஒலி வந்த திசையில் நடக்கிறார். தடுக்கி விழுவோமோ என்ற அச்சம் அந்த விரல் நுனியில் இருக்கிறது. ஏழை எளியவரின் உடலை இத்தனை கவனத்தோடு, இத்தனை அருகில் வைத்துப் பார்த்த ஓவியர் அக்காலத்தில் எத்தனை பேர்? ரூபன்ஸ் அவர்களுக்கு உடல் தந்தார், துன்பத்தையும் தந்தார். செயலை மட்டும் தரவில்லை. செதுக்கிய மாரினஸும் அந்த விரல்களை அவசரமாகக் கடந்து போகவில்லை என்பது கோடுகளின் நுண்மையில் தெரிகிறது.

இனி என் சொந்தக் கதை ஒன்று. அவைக்கு இது பொருந்துமா என்று ஐயமாக இருப்பினும் சொல்லிவிடுகின்றேன்.

நான் ஐந்தாம் வகுப்பு முடித்த ஆண்டு, பள்ளியில் குழுப்படம் எடுத்தார்கள். எந்தப் பள்ளி என்பது வேண்டாம். முன்வரிசையில் நாற்காலிகள், அவற்றில் ஆசிரியர்களும் ஊர்ப் பிரமுகர்களும். அவர்கள் காலடியில் சில பிள்ளைகள் சம்மணமிட்டு. பின்னால் நிற்போர் ஒரு வரிசை. அதற்கும் பின்னால் பெஞ்சின்மேல் ஏறி நிற்போர் ஒரு வரிசை. எங்கள் தெருப் பிள்ளைகள் எழுவரையும் அந்தப் பெஞ்சின் கடைக்கோடியில் நிறுத்தினார்கள். யாரும் கடிந்து பேசவில்லை. "நீங்க அங்க நில்லுங்கடே" என்று ஒரு கை காட்டியது, அவ்வளவுதான். படத்தின் விலை ஐந்து ரூபாய். என் தாயார் பீடி சுற்றிச் சேர்த்த காசில் அதைத் தந்தார்கள். படம் வந்தது. அட்டையில் ஒட்டி, சுற்றிலும் வெள்ளைச் சட்டம் போல் இன்னோர் அட்டை வைத்திருந்தார்கள். அந்த வெள்ளை அட்டை எங்கள் எழுவரில் ஐவரை மூடிவிட்டது. எனக்கு ஒரு காதும் ஒரு தோளும் மிஞ்சின. என் தாயாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. படத்தை விளக்கருகே கொண்டுபோய், வரிசை வரிசையாக விரல் வைத்துத் தேடினார்கள். கடைசியில் அந்தக் காதைக் கண்டுபிடித்து, "இது நீதானலே?" என்றார்கள். ஆம் என்றேன். அந்தப் படம் எங்கள் வீட்டுச் சுவரில் வெகுகாலம் தொங்கியது. வருவோர் போவோருக்கெல்லாம் அந்தக் காதைக் காட்டுவார்கள்.

அட்டை வெட்டியவர் எங்கள்மீது பகை கொண்டு வெட்டியிருக்கமாட்டார். நடுவில் இருந்தவர்கள் நடுவில் வரவேண்டும் என்று அளந்திருப்பார். ஓரம் என்று ஒன்று இருந்தால் அங்கே யாராவது நிற்கத்தானே வேண்டும், வெட்டினால் ஓரம்தானே போகும் என்பீர்கள். ஓரத்தில் யாரை நிறுத்துவது என்று முடிவு செய்தது கத்தியன்று.

இத்தனையும் பட்டவன் நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்லவேண்டும். தலைமையாசிரியராகப் பொறுப்பேற்ற முதல் ஆண்டில் எங்கள் பள்ளியிலும் குழுப்படம் எடுத்தோம். நடு நாற்காலியில் நான். கழுத்தில் மாலை வேறு. படம் அச்சாகி வந்து, அலுவலக அறையில் மாட்டிய பிறகுதான் ஓர் எண்ணம் எழுந்தது. நாள்தோறும் விடியற்காலையில் வந்து வகுப்பறைகளைப் பெருக்கிக் கழிப்பறைகளைக் கழுவும் அம்மா எங்கே? நினைத்துப் பார்த்தால், படம் எடுத்தபோது அவர் அங்கேதான் இருந்தார். புகைப்படக்காரருக்கு வெயில் படாமல் குடை பிடித்துக்கொண்டு, கருவிக்குப் பின்னால். நாற்காலியில் அமர்ந்திருந்த என் கண்ணுக்கு நேரெதிரே நின்றிருக்கிறார். நான் கருவியைத்தான் பார்த்தேன். மேடையில் ஏறிவிட்டால் கண் இப்படித்தான் ஆகிவிடுமோ என்று அன்று எனக்கு அச்சம் உண்டாயிற்று. எட்டாம் வகுப்புப் பெண் கேட்ட கேள்வி சவேரியாரைப் பற்றியது மட்டுமன்று என்பது அப்போது விளங்கியிருந்தால், அவளுக்கு வேறு விடை கூறியிருப்பேன்.

மேடை வேண்டாம், பீடம் வேண்டாம் என்று சொல்ல வந்தவனல்லன் நான். அண்ணல் அம்பேத்கரின் சிலையைப் பீடத்தின்மேல்தான் வைக்கின்றோம், வைக்கத்தான் வேண்டும். அச்சிலையின் அமைப்பையும் இப்படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உயர்த்திய கை இங்கும் உண்டு, அங்கும் உண்டு. இங்கே புத்தகம் துணைவரிடம் இருக்கிறது. அங்கே அவரே நெஞ்சோடு அணைத்திருக்கிறார். அவரது சுட்டுவிரல் முன்னோக்கி நீண்டு, காண்போரைப் பார்த்து "நீ போ" என்கிறது. செயலை அவர் தம்மிடம் வைத்துக்கொள்ளாமல் நம்மிடம் தருகிறார் என்று அவ்வமைப்புக்கு நான் பொருள் கொள்கின்றேன். ஆனால் தமிழ்நாட்டில் பல ஊர்களில் அச்சிலையைச் சுற்றி இரும்புக் கூண்டு எழுப்பியிருக்கிறார்கள். பாதுகாப்புக்காக என்பது உண்மை. சிலையைச் சேதப்படுத்துவோர் இருக்கும்வரை வேறு வழியில்லை என்று அதிகாரிகள் சொல்வதையும் மறுக்கமுடியாது. ஆயினும் கூண்டும் படத்தின் ஒரு பகுதியாகிவிடுகிறது. பள்ளிக்குப் போகும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை, கம்பிகளுக்குப் பின்னால் நிற்கும் ஒருவரைத்தான் பார்க்கிறது. என் பேத்தி ஒருநாள், "அவங்கள ஏன் தாத்தா உள்ள போட்டிருக்காங்க?" என்று கேட்டுவிட்டாள்.

நேரம் ஆகிவிட்டது. தலைவர் அவர்கள் கைக்கடிகாரத்தை இரண்டு முறை பார்த்துவிட்டார்கள். ரூபன்ஸின் ஓவியம் பின்னர் என்னவாயிற்று என்று அறிய விரும்புவோருக்கு ஒரு சொல். 1773இல் இயேசு சபை கலைக்கப்பட்டது. மூன்று ஆண்டுகள் கழித்து ஓவியம் வியன்னா நகரத்து அரசுச் சேகரிப்புக்குப் போயிற்று. இன்றும் அங்குள்ள கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பீடம் போய்விட்டது, படம் நிற்கிறது. செதுக்கிய தாள்கள் உலகின் பல அருங்காட்சியகங்களில் உள்ளன.

இனி நம் காரியத்துக்கு வருகின்றேன். விழா மலரின் முதற்பக்கத்தில் வெளியிடுவதற்காக இன்று மாலை நான்கு மணிக்குக் குழுப்படம் எடுக்கவிருக்கிறார்கள். புகைப்படக்காரத் தம்பி வெளியே புளியமரத்தடியில் ஆயத்தமாக நிற்கிறார். நாற்காலிகளும் வரிசையாகப் போடப்பட்டுவிட்டன. நடு நாற்காலியின் முதுகில் ஒரு துண்டும் கிடக்கக் கண்டேன். யாருக்கு என்று கேட்கவில்லை.

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் இச்சங்கம் ஓலைக்கொட்டகையில், ஒரே ஒரு குழல் விளக்கின் கீழ், மாலை வகுப்பாகத் தொடங்கியபோது, அந்த விளக்குக்கு மின்சாரம் தந்த வீட்டுக்காரர் அதோ கடைசியில் தூணில் சாய்ந்து நிற்கிறார். பத்தொன்பது ஆண்டுகள் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, வகுப்பு முடிந்து கடைசிப் பிள்ளை வீடு போய்ச் சேரும் வரை வாசலில் உட்கார்ந்திருந்த அம்மா, தேநீர்ப் பாத்திரத்தோடு பின்கட்டில் இருக்கிறார்கள். பத்தாம் வகுப்புத் தேறியவுடன் தங்களுக்குக் கீழிருந்த பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த அக்காமார்களில் நால்வர் கைக்குழந்தைகளோடு வந்திருக்கிறார்கள். சங்கத்தின் ஆண்டறிக்கையில் நன்கொடையாளர் பெயர்கள் முதல் மூன்று பக்கங்களில் உள்ளன. நான் சொன்னவர்களின் பெயர்களை அதில் தேடிப் பார்த்தேன்.

ஆகவே தலைவர் அவர்களிடம் ஒரு விண்ணப்பம். நாற்காலிகள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தேன், பதினொன்று. அவற்றை அப்புறப்படுத்திவிட்டு எல்லாரும் தரையில் நிற்கலாம். அல்லது சாவி வைத்திருந்த அம்மாவையும் அந்த அக்காமார்களையும் அவற்றில் அமர்த்திவிட்டு நாம் பின்னால் நிற்கலாம். எதுவாயினும் எனக்கு உடன்பாடே. ஓரத்தில் யார் நிற்கவேண்டும் என்று கேட்டால், நான் நிற்கின்றேன். எனக்கு அந்த இடம் பழக்கமானது. மலரை அச்சிடும் அச்சகத்தாரிடம் ஒன்று மட்டும் சொல்லிவிடவேண்டும். படத்தைச் சுற்றி வெள்ளை ஓரம் விடுவதானால் படத்துக்கு வெளியே விடட்டும்.

வெயில் சாய்வதற்குள் எல்லாரும் புளியமரத்தடிக்கு வந்துவிடுங்கள். பின்கட்டில் இருக்கும் அம்மாவை யாரேனும் போய் அழைத்து வாருங்கள். தேநீரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.